தட்டைப் பாதமும் உயர்வளைவுப் பாதமும்: நடையில் காணும் வேறுபாடு

குதிகாலின் வெளி ஓரம் முதலில் தரையைத் தொட, பாதம் சற்றே உட்பக்கம் சாய்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு, பின்பு விறைத்துப் பெருவிரலால் உந்தித் தள்ளுவதே இயல்பான நடை. உடல் எடை கூடியவர்களிடம் பாதத்தின் உள்வளைவு தாழ்ந்திருப்பது அதிகம் காணப்படுகிறது. அத்தகைய தட்டைப் பாதத்தில் இந்த உட்சாய்வு மிகுந்து, கணுக்கால் உள்ளே சரிய, அதனுடன் கீழ்க்கால் எலும்பும் உட்புறம் திரும்புவதால், உள்பக்கத் தசைநாண்கள் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. உயர்வளைவுப் பாதமோ விறைப்பானது; அது போதிய அளவு சாய்ந்துகொடுக்காததால், ஓடும்போது எழும், உடல் எடையைப் போல் 2 முதல் 3 மடங்கான விசை பெரும்பாலும் குதிகாலிலும் முன்பாதத்திலும் வெளி ஓரத்திலுமே குவிகிறது; கணுக்கால் பிசகும் வாய்ப்பும் கூடுகிறது.

ஈரக் காலோடு சிமெண்ட் தரையில் நின்று பார்த்தால், தட்டைப் பாதத்தில் அடி முழுவதும் பதியும். உயர்வளைவுப் பாதத்தில் குதிகாலையும் முன்பாதத்தையும் மெல்லிய கோடொன்றே இணைக்கும்.

ஆயினும் உடல்வாகை மட்டும் கொண்டு நடையைத் தீர்மானிப்பது தவறு. மெலிந்தவர்களிலும் தட்டைப் பாதம் உண்டு. அமெரிக்க ராணுவத்தின் அடிப்படைப் பயிற்சியில் பாத வளைவுக்கேற்பக் காலணி வழங்கிப் பார்த்தபோது காயங்கள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்பதால், வலியின்றி நடப்பவருக்குத் திருத்தக் காலணி தேவையில்லை என்றே கருதுகிறேன்.