கேட்டதற்கு விடை சொல்லாத ஆசிரியர்: ஒரு கணிதத் தனிப்பயிற்சி அனுபவம்

மகனுக்குக் கணித ஆசிரியர் தேடும் நண்பர் ஒருவர், என் மகளுக்குக் கற்பிப்பவரைப் பற்றி விசாரித்தார். ஒன்பதாம் வகுப்புக் கணிதம், வாரத்தில் இரு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்பதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஓராண்டுக்கும் மேலாக அடுத்த அறையிலிருந்து கேட்டு வந்த எனக்குச் சொல்ல இருப்பது, பெரும்பாலும் அந்த ஆசிரியரின் மௌனத்தைப் பற்றித்தான்.

அவர் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். கல்வியியல் பட்டம் இல்லை. மென்பொருளில் பிழை கண்டறியும் வேலையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு இத்தொழிலுக்கு வந்தார். அந்தப் பழக்கம் கற்பிக்கும் முறையிலும் தெரிகிறது. தவறான விடையை அடிக்க மாட்டார்; அது எந்த எண்ணத்திலிருந்து பிறந்தது என்று தேடிப் பின்னோக்கிச் செல்வார். இயற்கணிதச் சமன்பாடுகளில் தடுமாறுகிறாள் என்றுதான் மகளை அவரிடம் சேர்த்தோம். அவரோ 3/4, 1/5 ஆகிய இரண்டையும் கூட்டச் சொன்னார். தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டி, 4/9 என்று எழுதினாள். "இது பாதிக்கு மேலா, கீழா?" என்று மட்டும் கேட்டார். பாதியைவிடக் குறைவு என்று அவளே கண்டாள். முக்காலோடு இன்னொரு பின்னத்தைச் சேர்த்தபின் எப்படிக் குறைய முடியும் என்று அவளே திகைத்தாள். பல ஆண்டுகளாக ஒளிந்திருந்த பிழை அன்று வெளிப்பட்டது. இதற்காக மட்டுமே அவருக்குக் கொடுத்த கட்டணம் தகும் என்பேன்.

ஆனால் அதே மனிதர், கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். மேரி பட் ரோ என்னும் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடியளவே காத்திருப்பதையும், அதை 3 நொடிகளுக்கு மேல் நீட்டினால் மாணவரின் விடைகள் நீளமாகவும் ஆழமாகவும் அமைவதையும் கண்டார். அதை ஏற்கிறேன். எங்கள் ஆசிரியரின் காத்திருப்போ நொடிகளில் அடங்குவதில்லை. பிள்ளை யோசித்துக்கொண்டிருந்தால் அந்த அமைதி நல்லது. ஒன்றும் விளங்காமல் மேசையை வெறித்துக்கொண்டிருக்கும்போதும் அதே அமைதி தொடர்ந்தால், அதற்குப் பொறுமை என்று பெயரில்லை. தேர்வுக்கு முந்தைய வாரத்திலும் "நீ என்ன நினைக்கிறாய்?" என்றே திருப்பிக் கேட்டார். அன்று எழுந்து போய் விடையை நானே சொல்லிவிடலாமா என்றிருந்தது. குறிப்பு எப்போது கொடுப்பது என்பதும் ஆசிரியத் திறனில் ஒரு பாதி. அந்தப் பாதி இவரிடம் குறைவு.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வகுப்பும் வெற்றுத்தாளோடுதான் தொடங்குகிறது: முந்தைய வாரத்துப் பாடத்தைப் புத்தகம் பாராமல் எழுத வேண்டும். ரோடிகர், கார்பிக்கே என்னும் உளவியலாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். மகள் இந்த வெற்றுத்தாளை வெறுக்கிறாள். பழைய பாடங்களை மறப்பதை நிறுத்திவிட்டாள் என்பதும் உண்மை.

நண்பரின் எதிர்பார்ப்புதான் சிக்கல். தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தோரில் 98 விழுக்காட்டினரை விஞ்சுவார் என்று கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூம் 1984இல் எழுதியதை எங்கோ படித்துவிட்டு, அடுத்த தேர்விலேயே மதிப்பெண் பாயும் என்று நம்புகிறார். பிற்பாடு 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர் வான்லேன் கண்ட பயன் அதில் பாதிக்கும் குறைவு. எங்கள் வீட்டில் மதிப்பெண் உயர்ந்தது மெதுவாகத்தான், அதுவும் பின்னங்களுக்குப் போய்த் திரும்பிய பிறகே.

ஆகவே, தேர்வை நெருக்கத்தில் வைத்திருக்கும் அந்த நண்பருக்கு இவரைப் பரிந்துரைக்கவில்லை. மகளுக்கு மட்டும் அடுத்த ஆண்டுக்கும் இவரிடமே சொல்லி வைத்திருக்கிறேன். தேர்வு மாதத்தில் மட்டுமாவது கேட்ட கேள்விக்கு நேரே விடை சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. யோசித்துச் சொல்வதாகச் சொன்னவர், இன்னும் சொல்லவில்லை.