வெண்கொக்கா, காக்கையா?

ஜப்பானில் கோட்டை என்று காட்டப்படுபவற்றில் பல, பிற்காலத்தில் கான்கிரீட்டில் எழுப்பப்பட்டவை. ஒசாகா கோட்டையின் இன்றைய கோபுரமே 1931இல் கட்டியதுதான். பழைய கோபுரத்தோடு எஞ்சியவை 12 மட்டுமே. அவற்றில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், ஹிமெஜியா மாட்சுமோட்டோவா என்ற கேள்வி வரும்.

ஹிமெஜிக்குப் போவது எளிது. புல்லட் ரயில் நிற்கும் நிலையத்திலிருந்து இருபது நிமிட நடை. வெண்சுண்ணப் பூச்சால் 'வெண்கொக்கு' என்று பெயர் பெற்ற இதன் பெருங்கோபுரம் 1609இல் முடிந்தது. 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கோபுரத்தைவிட அங்கே போகும் வழிதான் என்னைக் கவர்கிறது. கோபுரம் கண்ணெதிரே நிற்கும். பாதையோ வேறு பக்கம் திருப்பிவிடும். எதிரியைக் குழப்பச் செய்த ஏற்பாடு, இன்று சுற்றுலாக் கூட்டத்தையும் குழப்புகிறது.

மாட்சுமோட்டோ சமவெளிக் கோட்டை. மலை இல்லாததால் அகழியே காவல். கறுப்பு அரக்குப் பலகைகளால் 'காக்கைக் கோட்டை' என்பார்கள். உள்ளே படிகள் ஏணிபோலச் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். துப்பாக்கித் துளைகளுக்குப் பக்கத்திலேயே, போர் ஓய்ந்த காலத்தில் நிலா பார்ப்பதற்கென்று ஒரு மாடம் கட்டியிருக்கிறார்கள்!

சுற்றுப்புறம் என்று வந்தால் ஹிமெஜிக்கு ஷோஷா மலைக் கோயில் உண்டு, அரை நாள் போதும். மாட்சுமோட்டோவிலோ ஜப்பானின் வடக்கு ஆல்ப்ஸ் மலைகள், சோபா நூடுல்ஸ், காமிகோச்சிப் பள்ளத்தாக்கு என்று இரண்டு நாள் ஓடிவிடும். பள்ளத்தாக்கு குளிர்காலத்தில் மூடியிருக்கும். டோக்கியோவிலிருந்து மாட்சுமோட்டோவுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம்தான். என் ஓட்டு காக்கைக்கே.