பகல் நேரத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி: ஐந்துக்கு மூன்று

பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் மாமியாரைப் பார்த்துக்கொள்ள, வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஏஜென்சி மூலம் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை ஆள் வைத்தோம். பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன்.

முதலில் வந்தவர் குடியாத்தத்து அக்கா. நல்ல கைராசி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கும்போது தோளைப் பிடித்து இழுக்கவே மாட்டார். அடியில் விரித்த துணியோடு சேர்த்து நகர்த்துவார். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, குதிகால் மெத்தையில் உரசாமல் கணுக்காலுக்கு அடியில் மடித்த துண்டு. "இந்தப் பக்கம் திரும்பலாமாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார்.

மாதம் முடிவதற்குள் சொல்லாமல் கொள்ளாமல் ஆளை மாற்றிவிட்டார்கள். அடுத்து வந்த பெண் போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்டால் "மேனேஜர் வெளியூர்".

ஆனாலும் மதியம் படுத்துத் தூங்க முடிந்தது. "நீ வீட்டிலதானே இருக்கே" என்று சொல்லும் சொந்தங்களுக்கு இதன் அருமை புரியாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை பற்றிப் பேசுகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். பிசியோதெரபிக்கு ஏஜென்சி தனிக் கட்டணம் கேட்கும். அதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டத்தில் அது வீட்டுக்கே இலவசமாக வரும்.

அப்புறம், ஆளை மாற்றினால் முன்கூட்டியே சொல்வார்களா, முன்பணம் எப்போது திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிவிட்டுப் பணம் கொடுங்கள்.