வீட்டில ஒயில் மாத்துறது: எல்லாம் சரி, அந்த வோஷர் ஒண்டுதான்

பைக்குக்கு வீட்டிலயே ஒயில் மாத்துறியாமே, சரிவருமா எண்டு இஞ்ச திருகோணமலை உவர்மலையில இருக்கிற கூட்டாளி ஒருத்தன் கேட்டான், போனில சொல்லி முடியாத கதை, அதான் எழுதுறன்.

வேலை லேசுதான். இஞ்சினை ரெண்டு மூண்டு நிமிசம் ஓட விட்டா ஒயில் இளகும், சென்டர் ஸ்டாண்ட் போட்டு கீழ ஒரு தட்டம் வச்சு இஞ்சின் அடி போல்ட்டைக் கழட்டி வடிய விட்டு, திரும்பப் பூட்டி, புது ஒயில் ஊத்தி, கொஞ்ச நேரம் ஸ்டார்ட்டில விட்டு நிப்பாட்டி, சில நிமிசம் பொறுத்து இஞ்சினில இருக்கிற சின்னக் கண்ணாடியில ஒயில் மட்டம் பாக்கிறது. சைட் ஸ்டாண்டில சரிச்சு வச்சுப் பாத்தா மட்டம் பிழையாத்தான் காட்டும்.

ஒயில் வாங்கேக்க கானில ஜாசோ (ஜப்பான்காரன்ட ஒயில் தரக்குறி) எம்ஏ இல்லாட்டி எம்ஏ2 எண்டு இருக்கா எண்டு பாருங்க, ஏனெண்டா எங்கட கியர் பைக்குகளில கிளட்ச் தட்டுகளும் அதே ஒயிலுக்கதான் முழுகிக் கிடக்குது. காருக்கெண்டு வாற சில ஒயிலுகளில உராய்வைக் குறைக்கிற மருந்து சேத்திருக்கும், அதை ஊத்தினா கிளட்ச் வழுக்கும். ஸ்கூட்டருக்கு எம்பி, அது வேற கதை. இஞ்ச சீனன்குடாவிலயே ஒயில் கலக்கிற பிளாண்ட் இருக்குது, வெள்ளைக்காரன் கட்டின அந்த 99 எண்ணெய்த் தாங்கி இருக்கிற அதே இடத்தில. எங்கட ஊரில கலந்த ஒயில எங்கட முத்தத்தில வச்சு ஊத்துறது எனக்கு உண்மையிலயே ஒரு சந்தோசம், ஆர் என்ன சொன்னாலும் சரி.

புது ஒயில் ஊத்தின பிறகு கியர் விழுறதைச் சொல்லியே ஆகணும். வெயிலுக்க பஸ் ஸ்டாண்டடியில நிண்டு நிண்டு போகேக்க நியூட்ரல் கிடைக்காம காலால தட்டிக்கொண்டு நிப்பம் தானே, அது இல்ல. சின்னதா ஒரு தட்டு, விழுந்திடும். நிலாவெளி வரைக்கும் ஒரே மூச்சில போயிட்டு வந்தாலும் இஞ்சின் சத்தம் மாறேல்ல. கொஞ்ச நாளில ஒயில் கறுக்கும், அதுக்குப் பயப்பிடத் தேவையில்ல, ஊத்தையைக் கழுவி தனக்குள்ள வச்சிருக்கிறதுதான் அதின்ட வேலையே.

இனி வோஷர்.

அடி போல்ட்டில ஒரு சின்ன வோஷர் இருக்கும், மெல்லிசா, செம்பு இல்லாட்டி அலுமினியம். போல்ட்டை இறுக்கேக்க அது நசுங்கித்தான் ஒயில் ஒழுகாம அடைக்குது. ஒருக்கா நசுங்கினது அடுத்த முறை அதே மாதிரி அடைக்காது, அதால ஒவ்வொரு முறையும் புதுசு போடணும். இதை நான் கேக்காத ஸ்பெயார் பார்ட்ஸ் கடை டவுனில இல்ல. "தம்பி, அதை ஆர் மாத்துறாங்க, பழசைப் போட்டு நல்லா இறுக்குங்க" எண்டு எல்லாரும் ஒரே வசனம். பில்டர் இருக்குது, பிரேக் கட்டை இருக்குது, பெட்டி பெட்டியா ஸ்டிக்கர் இருக்குது, தேநீர்க் காசுக்கும் பெறாத வோஷர் இல்ல!

அந்த "நல்லா இறுக்குங்க" தான் எனக்குக் கோவம். போல்ட் இரும்பு, இஞ்சின் அடிப்பக்கம் அலுமினியம். பழைய வோஷரில ஒழுகுது எண்டு பலத்தைப் போட்டு இறுக்க, மரை உருண்டு போகும், பிறகு இஞ்சினைக் கொண்டு லேத்துக்குத்தான் போகணும். நான் முதல் முறை கழட்டப் போகேக்க, முந்தி சேர்விஸ் செஞ்ச இடத்தில இறுக்கின இறுக்கத்துக்கு ஸ்பானரில குழாய் மாட்டித்தான் அசைஞ்சது, வோஷர் தகடு மாதிரி போல்ட்டோட ஒட்டிக் கிடந்தது. அவங்களையும் முழுசாக் குறை சொல்லேலாது, சனிக்கிழமை வரிசையா பைக் நிக்கும், வோஷர் அவங்களுக்கும் கிடைக்காது. ஆனாலும் அது என்ட இஞ்சின். 2020 இல இருந்து 2025 வரைக்கும் வாகன இறக்குமதி நிண்டு கிடந்த காலத்திலயே புது பைக் வாங்கிற யோசினையை விட்டுட்டம், உள்ளதைத்தானே காப்பாத்தணும்.

இப்ப செய்யிற வழி இது. செம்பு வோஷர் எண்டால் மண்ணெண்ணெயில நல்லாத் துடைச்சு, இடுக்கியால பிடிச்சு காஸ் அடுப்பில செவ்வெண்டு வரும்வரைக்கும் காய்ச்சி தண்ணியில போட்டா செம்பு திரும்ப மென்மையாகும், ஒழுகாம அடைக்குது. அலுமினியத்தில இதைச் செய்யாதீங்க, சிவக்க முதலே உருகிடும், புதுசுதான் போடணும்.

பழைய ஒயிலை கானில் அடைச்சு கராஜில குடுக்கிறன். அதை வாய்க்காலில ஊத்தினா நேர கடலுக்குத்தான் போகும்.

காசும் மிச்சம், என்ன ஊத்தினது எண்டும் தெரியும், கியரும் வெண்ணெய். இவ்வளவு சொல்லிப்போட்டும் இப்போதைக்கு ஒருத்தருக்கும் செய்யச் சொல்லமாட்டன். முதல்ல உன்ட பைக்குக்கு வோஷர் விக்கிற கடை ஒண்டைக் கண்டுபிடி, அஞ்சாறா வாங்கு, எனக்கும் ரெண்டு எடு, பிறகு ஸ்பானரைத் தூக்குவம்.