குளிர்காலத்தில் ஆர்.வி.: வடக்கிலேயே இருப்பதா, அரிசோனாவுக்கு இறங்குவதா?

அமெரிக்காவில் ஆர்.வி.யிலேயே, அதாவது சமையல், படுக்கை, கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டியிலேயே குடியிருப்பவர்களுக்கு நவம்பர் வந்தால் இந்தக் கேள்விதான். வடக்கில் தங்கினால் கூட்டமில்லாத மலையும் ஏரியும் உங்களுக்கே. ஆனால் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் பெரும்பாலான சாலைகளை நவம்பர் தொடக்கத்திலேயே கார்களுக்கு மூடிவிடுவார்கள். தண்ணீர்க் குழாய் உறையும், கழிவுநீர்த் தொட்டியின் வால்வு திறக்காது. ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடி புரோபேன் எரிவாயு கரையும். காலையில் ஜன்னல் கண்ணாடியில் ஈரம் வழியும். துடைக்காமல் விட்டால் மெத்தைக்கு அடியில்கூடப் பூஞ்சை பிடிக்கும்.

தெற்கே அரிசோனா மாநிலத்தின் குவார்ட்சைட் ஊர்ப் பக்கம் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அரசு நிலத்தில் கட்டணம் கட்டி நீண்ட நாள் தங்கலாம். பகலில் இதமான வெயில். நெரிசல்தான் கொஞ்சம் அதிகம். முழுநேரமும் வண்டியில் வாழ்பவர்களுக்கு நான் தெற்கைத்தான் சொல்வேன். பனி பார்க்க ஆசையா? சுமார் 7,000 அடி உயரத்திலுள்ள அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.