பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களே, "பம்ப் போச்சு" என்றதும் வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள்

சத்தியமங்கலம் சுற்றுவட்டாரத்தில் பழைய பிக்கப் வைத்து லோடு அடிக்கிறவர்கள் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். எனக்கு 31,500 ரூபாய் போய்விட்டது, பதினொரு நாள் வண்டி ஓடவில்லை. கடைசியில் பார்த்தால் கோளாறு ஒரு ரப்பர் ஹோஸில்.

என்னுடையது 2008 மாடல் பொலிரோ பிக்கப், டேங்கிலிருந்து டீசலை இழுத்து இன்ஜினுக்கு அனுப்பும் பம்ப் பழைய மெக்கானிக்கல் வகை. தாளவாடியிலிருந்து முட்டைக்கோஸ் இறக்குவேன், திரும்பும்போது உர மூட்டை ஏற்றிக்கொண்டு திம்பம் மலைப்பாதை ஏறுவேன். அப்படி ஒரு நாள் ஏறும்போது, 27 வளைவில் ஆறாவதைத் தாண்டவில்லை, இழுவை சுத்தமாக விட்டுப்போய்விட்டது. ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தாலும் வண்டி விக்கி விக்கித்தான் நகர்ந்தது, பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே வருகின்றன, இருட்டுவதற்குள் மேலே போய்ச் சேர வேண்டுமே என்று கை நடுங்கிவிட்டது. சமதளத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் காலையில் நாலைந்து தடவை செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும், டேங்க் நிறைய இருக்கும்போது நிறுத்திய இடத்தில் டீசல் சொட்டியிருக்கும். இரண்டையும் பட்டறையில் தெளிவாகச் சொன்னேன்.

பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்து இரண்டு நிமிஷம்கூட பார்க்கவில்லை. "பம்ப் போயிருச்சுங்ணா, நாசில் நாலும் மாத்திரணும், இல்லாட்டி இன்ஜினே போயிரும்" என்றார். நாசில் என்றால் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுவது. பயந்துபோய்ச் சரி என்றேன். எட்டு நாள் கழித்து பம்ப் சர்வீஸ், நாசில் 4, லேபர் என்று பில் கொடுத்தார். பழைய நாசில்களைக் கேட்டால் "அதெல்லாம் தூக்கிப் போட்டாச்சுங்ணா" என்று பதில். அடுத்த லோடிலேயே அதே வளைவில் அதே விக்கல். திரும்பப் போனால் இன்ஜின் பிரிக்க வேண்டும், இன்னும் 40,000 ஆகும் என்கிறார்.

அப்புறம் வேறொரு பெரியவரிடம் கொண்டுபோனேன், நாற்பது வருஷமாக டீசல் வண்டி மட்டும் பார்ப்பவர். அவர் முதலில் டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்க்கச் சொன்னார், மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இழுவை போகுமாம். மாற்றமில்லை. பிறகு ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் கண்ணாடி மாதிரியான ஹோஸ் ஒன்றைப் போட்டு, இன்ஜினை ரேஸ் செய்து, "பாரு தம்பி" என்றார். டீசலோடு சோடா மாதிரி குமிழி ஓடுகிறது. டேங்கிலிருந்து பம்ப் வரை டீசலை உறிஞ்சித்தான் எடுக்கிறது, அந்த வழியில் சின்ன வெடிப்பு இருந்தால் ஓடும்போது காற்று உள்ளே போகும், நின்றபிறகு அதே வெடிப்பில் டீசல் கசியும். லோடு ஏற்றி மலை ஏறும்போது டீசல் அதிகம் வேண்டும், அப்போதுதான் பற்றாக்குறை தெரியும். காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கும் இதுதான் காரணம். டேங்க் பக்கத்து கிளாம்பைக் கழற்றி ஹோஸை விரலில் வளைத்துக் காட்டினார், உள்ளங்கால் பித்தவெடிப்பு மாதிரி சுற்றிலும் பிளந்திருந்தது.

இதைவிட வயிற்றெரிச்சல் என்னவென்றால், பம்பைப் பிடித்திருக்கும் நட்டுகளில் பழைய மண்ணும் எண்ணெயும் சேர்ந்து இறுகிப்போய் அப்படியே இருந்தன. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. இறக்காத பம்புக்குத்தான் நான் பணம் கட்டியிருக்கிறேன். ஃபில்டர் பக்கம் கசிந்த போல்ட்டில் காப்பர் வாஷரை மாற்றாமல் எம்-சீல் பசை வேறு அப்பி வைத்திருந்தார் அந்தப் பட்டறைக்காரர். ஹோஸ், கிளாம்ப், வாஷர், ரிட்டர்ன் லைன் டியூப், கூலி எல்லாம் சேர்த்துப் பெரியவர் வாங்கியது 850 ரூபாய். இப்போது அதே லோடோடு திம்பம் ஏறுகிறது.

அதனால் சொல்கிறேன், இழுவை குறைவும் கசிவும் சேர்ந்து வந்தால் முதலில் ஃபில்டர், ஹோஸ், வாஷர் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே கசிகிறது என்று தெரியாவிட்டால் நன்றாகத் துடைத்துவிட்டு முகப்பவுடர் தூவி ஸ்டார்ட் செய்யுங்கள், ஈரம் தானாகக் காட்டிக்கொடுக்கும். நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாயில் கசிந்தால் மட்டும் விரலை வைத்துவிடாதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், காகித அட்டையைப் பிடித்துப் பாருங்கள். பம்பை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் நட்டில் பெயின்ட் அடையாளம் வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பழைய சாமானைக் கையோடு வாங்குங்கள்.

முதல் பட்டறைக்கு மூன்று முறை போய்ப் பணத்தைக் கேட்டுவிட்டேன், ஆளே பேசுவதில்லை. பில்லும் நட்டு போட்டோவும் என்னிடம் இருக்கின்றன, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். நாம் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, சொந்தப் பிழைப்புக்கு வண்டி ஓட்டுகிறவரும் புகார் கொடுக்கலாம், இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். இதே மாதிரி பணம் கட்டி ஏமாந்தவர்கள் பில்லைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.