பிளைண்ட்ஸ் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடுகிறீர்களா? கழற்றி எடுத்துப் போக விடாதீர்கள்

மேடவாக்கத்தில் அப்பா அம்மா இருக்கும் வீட்டில் ஜன்னல் பிளைண்ட்ஸைச் சரிசெய்ய வந்தவர்கள், 11,800 ரூபாய் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பார்த்த வேலை ஆயிரம் ரூபாய்கூடப் பெறாது. போதாததற்கு, நன்றாக இருந்த துணியையும் பாழாக்கிவிட்டார்கள். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடாகப் பார்த்து இப்படிச் செய்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது தெரிந்தது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

ஹாலில் மேற்குப் பார்த்த இரண்டு ஜன்னல்களுக்கு, மேலே உள்ள பைப்பில் துணி சுருண்டு ஏறி இறங்கும் ரோலர் பிளைண்ட்ஸ். ஒன்று ஏற்றிவிட்டால் நிற்காமல் தானாகக் கீழே இறங்கியது. இன்னொன்று சுருளும்போது ஒரு பக்கமாக ஒதுங்கி, ஓரம் பைப்பைச் சுவரில் தாங்கும் பிராக்கெட்டில் உரசிப் பிசிறடித்தது. படுக்கையறையில் இருப்பது மேலே ஒரு டிராக்கில் செங்குத்துப் பட்டைகள் தொங்கும் வெர்ட்டிகல் பிளைண்ட்ஸ். அதில் சில பட்டைகள் கழன்று விழுந்திருந்தன. மூன்றுமே சாதாரணமாக வருகிற கோளாறுகள்.

கூகுளில் தேடி அப்பா ஒரு எண்ணைக் கூப்பிட்டார். வந்த பையன் ஸ்டூலில் ஏறி ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "சார், உள்ளே மெக்கானிசமே போயிடுச்சு. இங்க வச்சுப் பார்க்க முடியாது, ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போகணும்" என்று சொல்லியிருக்கிறான். எது போயிற்று என்று அப்பா கேட்டதற்குப் பதில் இல்லை. மூன்றையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கேதான் பிடி அவர்கள் கைக்குப் போனது. அதன் பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு துண்டுச்சீட்டின் படம் வந்தது: மெக்கானிசம் 2 செட், டிராக் 1, சர்வீஸ் எல்லாம் சேர்த்து 10,000, மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. வேண்டாம் என்றால் விசிட்டிங் சார்ஜ், கழற்றிய கூலி, வண்டி வாடகை எல்லாம் கட்டித்தான் பிளைண்ட்ஸைத் திரும்ப வாங்க முடியும் என்று போனில் சொன்னார்கள். ஜன்னல்கள் மொட்டையாகக் கிடந்தன, மத்தியானத்துக்கு மேல் ஹாலில் உட்கார முடியாத வெயில். அப்பா பணத்தை அனுப்பினார்.

மாட்டிவிட்டுப் போன அதே வாரம் முதல் பிளைண்ட் மறுபடி இறங்க ஆரம்பித்தது. தெரிந்த பர்னிஷிங் கடைக்காரர் ஒருவரை அழைத்து வந்து கழற்றிப் பார்த்தோம். புது மெக்கானிசம் எதுவும் கிடையாது. சங்கிலி ஓடுகிற கிளட்ச் பழையதேதான். ஹாலுக்குப் பெயிண்ட் அடித்தபோது தெறித்த இளமஞ்சள் புள்ளி அதன் மேல் அப்படியே இருந்தது. துடைத்து, எண்ணெய் ஸ்ப்ரே அடித்து மாட்டியிருக்கிறார்கள். ரோலர் கிளட்சுக்கு எண்ணெய் போடவே கூடாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இறுக்கிப் பிடிப்பதால்தான் துணி ஏற்றிய இடத்தில் நிற்கிறது. அந்தப் பிடிப்பில் வழவழப்பு ஏறினால் இன்னும் வழுக்கத்தான் செய்யும். அந்த எண்ணெய் துணியின் ஓரத்தில் இறங்கி, ஒவ்வொரு சுற்றிலும் படிந்திருக்கிறது. இப்போது பிளைண்டை இறக்கினால் ஏறக்குறைய 12 செ.மீ.க்கு ஒன்றாக மேலிருந்து கீழே வரிசையாகக் கறை தெரிகிறது.

இரண்டாவது பிளைண்டில் செய்தது அதைவிடக் கொடுமை. அதன் உண்மையான கோளாறு சுவரில் இருந்தது. ஒரு பக்கப் பிராக்கெட்டின் ஸ்க்ரூவைப் பிடிக்கச் சுவர்த் துளையில் அடித்த பிளக் தளர்ந்து சற்றே இறங்கியிருந்தது. பைப் சாய்ந்தால் துணி ஒரு பக்கம் ஓடத்தான் செய்யும். பெரிய பிளக் அடித்து, மட்டம் பார்த்துத் திருகியிருந்தால் முடிந்திருக்கும். அதற்குப் பிறகும் கொஞ்சம் ஒதுங்கினால், துணியை முழுக்க இறக்கி, அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் பைப்பின் மேல் சின்னத் துண்டு டேப் ஒட்டுவார்கள். இவர்கள் துணியையே பைப்பிலிருந்து பிய்த்து, மேல் ஓரத்தைக் கோணலாக வெட்டி, டபுள் டேப்பால் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். கோணலாக ஒட்டிய துணி நேராகச் சுருளவே சுருளாது. நீளமும் நாலு விரல் குறைந்துவிட்டது. ஜன்னலின் அடிக்கட்டை வரை எட்டுவதில்லை; அந்த இடுக்கு வழியாக வெயில் நேரே சோபாவில் அடிக்கிறது.

வெர்ட்டிகல் பிளைண்டில் பட்டையின் தலையில் செருகும் பிளாஸ்டிக் ஹேங்கர்தான் உடைந்திருந்தது. டிராக் மாற்றியதாகக் காசு வாங்கியிருக்கிறார்கள். டிராக் பழையது, உடைந்த ஹேங்கருக்குப் பதில் கம்பியை வளைத்து மாட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு, என்னைப் பொறுத்தவரை பணத்தைவிட இதுதான் பெரிது. சங்கிலியைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் சின்ன கிளிப்பை அவர்கள் திரும்ப மாட்டவில்லை. அக்காவின் குழந்தை இப்போதுதான் எழுந்து நடக்கிறது. தளர்ந்து தொங்கும் சங்கிலி வளையத்தில் கழுத்து சிக்கிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அந்தக் கிளிப் இல்லையென்றால் இன்றே வாங்கி மாட்டிவிடுங்கள்.

யாரை அழைத்தாலும், வீட்டிலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ரோலர் பிளைண்டைப் பிராக்கெட்டிலிருந்து எடுத்துக் கிளட்சை உருவுவது சில நிமிட வேலை, ஒர்க்‌ஷாப் தேவையில்லை. பைப்பின் அளவு சொன்னால் பொருந்தும் கிளட்ச் கிடைத்துவிடும். எங்களுக்கு 200 ரூபாய்க்குள்தான் ஆனது. மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வெர்ட்டிகல் பட்டைகள் ஆளுக்கொரு திசையில் திரும்பியிருந்தால் ஆளே தேவையில்லை. சங்கிலியைக் கடைசி வரை இழுத்து, அதற்கு மேலும் மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் எல்லாம் ஒரே வரிசைக்கு வந்துவிடும்.

ஜிஎஸ்டி கேட்டால் 15 எழுத்து, எண்கள் கொண்ட பதிவு எண்ணோடு பில் கேளுங்கள். பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது. அப்பாவுக்கு இதுவரை பில் வரவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராததே நியாயமற்ற வணிக நடைமுறைதான்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்தோம். துண்டுச்சீட்டின் படம், பணம் அனுப்பிய விவரம், பெயிண்ட் புள்ளியோடு கிளட்சின் போட்டோ எல்லாம் கொடுத்திருக்கிறோம். அப்புறம் அந்த ரிப்பேர்காரர்களிடமிருந்து போன் வந்தது: பாதிப் பணம் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று. முழுப் பணமும் வெட்டிய துணிக்கான விலையும் வராமல் வாபஸ் கிடையாது என்று அப்பா சொல்லிவிட்டார். தரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தால் போதும்.